கற்பனை உலகம் கட்டுவது எப்படி: இரண்டாம் மாடிச் சமையலறையிலிருந்து தொடங்குவோம்

மிகுபுனைவோ அறிவியல் புனைவோ எழுத ஆசைப்படும் பலர் முதலில் வரைபடம் போடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏழு தீவுகள், ஒன்பது அரச வம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி என்று ஒரு நோட்டு நிறைந்தது. கதை மட்டும் நகரவில்லை. அந்தத் தீவில் ஒருத்தி காலையில் எழுந்தால் குடிதண்ணீரை எங்கிருந்து எடுப்பாள் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை.

வழி தொல்காப்பியத்தில் கிடைத்தது. முதல், கரு, உரி என்று படித்திருப்பீர்கள். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரிப்பொருள் என்பது அங்கே வாழ்பவர்களின் மனம். உலகம் கட்ட இதைவிடத் தெளிவான வரிசையை நான் பார்த்ததில்லை. அதே வரிசையில் போவோம்.

படி 1: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். சிங்கப்பூர் நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லை. சரி, அந்த 7 மீட்டர்தான் நம் மாற்றம். பறக்கும் கார், பேசும் மீன் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

படி 2: நிலத்தையும் பொழுதையும் கணக்குப் போடுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் மரின் பரேட், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் எழுந்த பேட்டை. அங்கே ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக். தரை இன்றைய கடல்மட்டத்துக்கு மேல் 4 மீட்டர், தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளத்தின் உயரம் மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடல் 7 மீட்டர் ஏறினால் கீழ்த்தளத்தில் 3 மீட்டர் தண்ணீர் நிற்கும். ஆனால் கடல் ஒரே மட்டத்தில் நிற்காதே! இங்கே அது நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 3 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். அப்படியானால் தண்ணீர் வற்றும்போது கீழ்த்தளத்துக்குள் படகு நுழையலாம். ஏறும்போது அதே தண்ணீர், கீழ்த்தளத்துக்கு நேர் மேலே இருக்கும் இரண்டாம் மாடி வீட்டில் இடுப்பளவு நிற்கும். அட்டமியை ஒட்டிய நாள்களில் தரை நனைவதோடு சரி.

இனி பொழுது. கடலேற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று தண்ணீர் வடிந்து பகல் 12 மணிக்கு உலை வைக்கிற வீட்டில், நான்கு நாள் கழித்து மூன்று மணி தாண்டித்தான் உலை வைக்க முடியும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் சூரியன் மட்டும் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டியே உதிக்கும். ஆக, மேல்மாடிக்காரர்கள் சூரியனைப் பார்த்து வாழ்வார்கள், இரண்டாம் மாடிக்காரர்கள் நிலவைப் பார்த்து வாழ்வார்கள். பள்ளிக்கூட மணி யாருடைய பொழுதின்படி அடிக்கும்? வேலைக்குத் தாமதமாக வருகிறவர் எந்த மாடிக்காரராக இருப்பார்? ஒரு வில்லனையும் உருவாக்காமலே கதைக்கு ஒரு சண்டை கிடைத்துவிட்டது.

படி 3: கருப்பொருளால் நிரப்புங்கள்

தொல்காப்பியப் பட்டியலை ஒவ்வொன்றாகக் கேள்வியாக்குங்கள். எல்லாவற்றுக்கும் பதில் தேவையில்லை, நான்கைந்து போதும்.

உணவு: சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. துறைமுகம் மூழ்கிய பிறகு அரிசி யார் கையில் இருக்கும்? பறை: தண்ணீர் வருகிறது என்று யார், எதைத் தட்டிச் சொல்வார்கள்? தொழில்: துணி காயப்போடும் மூங்கில் கழியில் படகு கட்ட இடம் கொடுத்து வாடகை வாங்குபவர் ஒருவர் இருக்கலாம். தெய்வம்: அமாவாசையன்று இரண்டாம் மாடியில் அடுப்பு எரியாது. பழைய விரதம் அங்கே கட்டாயமாகிவிடும். மேல்மாடியில் அது வெறும் வழக்கமாக இருக்கும்.

அப்புறம், கீழ்த்தளம் என்பது வெறும் தூண்கள் இல்லையே. மலாய்த் திருமணமும் சீனர்களின் இறுதிச் சடங்கும் நடக்கிற இடம். அது மூழ்கினால் கல்யாணமும் சாவும் எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்த ஒரு கேள்வியிலிருந்து மூன்று சிறுகதைகள் கிடைத்தன.

படி 4: காரணம் தொலைந்த பெயர்களை விட்டுவையுங்கள்

தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. 1828க்கும் 1830க்கும் இடையில் அந்தத் தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டபோது கடல் அதன் எதிரிலேயே இருந்தது. இன்று அங்கே நின்றால் கண்ணுக்குக் கடல் தெரியாது. பீச் ரோட்டில் பீச் இல்லை. தேக்கா என்ற பெயர் மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது, நாம் அங்கே போவது மீனும் காய்கறியும் வாங்க. உங்கள் உலகத்திலும் இப்படி இரண்டு மூன்று பெயர்களை வையுங்கள், விளக்கம் எழுதாதீர்கள். அந்த ஊர் நேற்று முளைத்ததல்ல என்று வாசகர் தானாக உணர்வார்.

படி 5: உரிப்பொருள்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். இதை ஒரு பாத்திரத்தின் கையில் கொடுங்கள்:

"பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே பாட்டி அரிசி வாளியை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். 'இந்த தடவை மேலேயே தங்கிடலாமே பாட்டி' என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. தாத்தா படத்துக்குக் கீழே சுவரில் படிந்திருந்த உப்புக் கோட்டை முந்தானையால் துடைத்தாள்."

கிரீன்லாந்தும் 50 நிமிடக் கணக்கும் இதில் எங்கேயும் வரவில்லை, பாருங்கள். அவை நோட்டிலேயே இருக்கட்டும். பாட்டி எந்த நாளில் வாளியைத் தூக்க வேண்டும் என்று பத்தாவது பக்கத்தில் உங்களுக்குச் சந்தேகம் வரும். அப்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.