சோளகத்தில் ஊளையிடுவது எது? ஒலிவாங்கி அணியால் தேடும் முறை

இலங்கையின் வடக்கே பூநகரி, பரந்தன் போன்ற வெட்டைவெளிகளில் சோளகம் (தென்மேற்குக் காற்று) பலக்கும்போது, கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியும், வாய் திறந்த வேலிக் குழாயும், கூரைத் தகட்டின் ஓரமும் ஒன்றாகவே ஊளையிடக்கூடும். பல ஒலிவாங்கிகளை ஓர் அணியாகப் பரப்பி, ஒரே கடிகாரத்தில் இயக்கிப் பதிந்து, சந்தேகத்துக்குரிய புள்ளி ஒன்றிலிருந்து ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் ஒலி வந்துசேரும் நேர வேறுபாட்டைச் சரிசெய்து கூட்டினால், ஒலிமூலம் அந்தப் புள்ளியில் இருக்கும்போது கூட்டுத்தொகை பெருகும். இவ்வாறு புள்ளி புள்ளியாகக் கணித்தே ஒலிப்படம் வரையப்படுகிறது. தனித்தனிக் கைபேசிகளில் பதிந்து பின்னர் பொருத்த முயல்வது வீண்வேலை; அவற்றின் கடிகாரங்கள் ஒத்தோடுவதில்லை.

கருவியை விரிக்குமுன் கணக்கைப் பாருங்கள். காற்றின் கதியைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால் கம்பி எழுப்பும் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது) ஏறத்தாழக் கிடைக்கும்: செக்கனுக்கு 10 மீற்றர் காற்றில் 5 மில்லிமீற்றர் கம்பி 400 ஹேர்ட்ஸில் பாடும். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் என்பதால், அலைநீளம் 87 சென்ரிமீற்றர். 2 மீற்றர் அகல அணியை 10 மீற்றர் தள்ளி வைத்தால், அருகருகே உள்ள இரு மூலங்களைப் பிரித்தறிய அவற்றிடையே 5 மீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டும். அதாவது கம்பியும் குழாயும் ஒரே கறையாகவே தெரியும். 3 மீற்றர் வரை நெருங்கினால் அது 1.6 மீற்றராகக் குறையும். பலர் மென்பொருளைக் குறைகூறுவது, உண்மையில் இந்தத் தூரத்தைக் கவனிக்காததால்தான்.

ஒலிவாங்கிகளைச் சமசதுரக் கட்டங்களில் வைத்தால், அலைநீளத்தின் பாதியை இடைவெளி மிஞ்சும் மீடிறன்களில், மூலம் இல்லாத இடங்களிலும் பொய்ப்புள்ளிகள் தோன்றும். சுருளாகவோ ஒழுங்கின்றியோ பரப்புவது நல்லது. ஒவ்வொன்றுக்கும் பஞ்சுறை அவசியம். அப்படியும் ஒலிவாங்கியில் காற்று நேரே மோதும் இரைச்சல் நுழையும். அந்த இரைச்சல் ஓர் ஒலிவாங்கிக்கும் மற்றதற்கும் தொடர்பற்றது என்பதால், குறுக்கு நிறமாலைத் தாயத்தின் (ஒலிவாங்கிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பெறும் எண்கட்டத்தின்) மூலைவிட்ட உறுப்புகளை, அதாவது ஒவ்வோர் ஒலிவாங்கியையும் அதனோடே ஒப்பிட்ட எண்களை, நீக்கிவிட்டால் பெரும்பகுதி மறையும். பின்னர் தெரிந்த இடமொன்றில் சிறு ஒலிபெருக்கியை வைத்துப் படம் அங்கேயே விழுகிறதா எனச் சோதியுங்கள். செக்கனுக்கு 10 மீற்றர் கதியில் குறுக்கே வீசும் காற்று, 10 மீற்றர் தூரத்தில் புள்ளியை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நகர்த்திவிடும். மயிலின் அகவலும் படத்தில் பளிச்சிடும். அதுவாவது இடம் மாறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

படத்தில் தெரியும் பிரகாசமான புள்ளி, தரையிலோ தகட்டிலோ பட்டுத் தெறித்த ஒலியாகவும் இருக்கலாம். ஆகவே காற்றின் கதியோடு ஒப்பிடுங்கள்: கதி ஏற ஏறச் சுருதியும் அதே விகிதத்தில் ஏறினால் கம்பியையும், சுருதி ஓரிடத்தில் நின்று திடீரெனத் தாவினால் குழாயின் வாயையும் சந்தேகிக்கலாம். கம்பியில் கயிற்றைச் சுருளாகச் சுற்றியோ, குழாயின் வாயை அடைத்தோ, அதே காற்றில் மீண்டும் பதியுங்கள். புள்ளி மறைந்தால் மூலம் அதுவே. மங்கி வேறிடத்தில் புதிதாக ஒன்று தெரிந்தால், அதுவரை மறைந்திருந்த இரண்டாவது மூலத்துக்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.