தையல் பிரித்த கையோடு நாம் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தான். மூளைக்கட்டி அறுவை முடிந்து ஏழு வாரம். நாலு வார்த்தை தெம்பாகப் பேசி அனுப்புங்கள் என்று அவனுடைய மாமா முதல் நாளே ஃபோனில் சொல்லியிருந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இந்த விஷயத்துக்கு என்னிடம் ஆள் அனுப்புவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வந்தவன் தொப்பியைக் கழற்றிக் காதுக்கு மேல் இருந்த தழும்பைக் காட்டிவிட்டு, "அம்மாபேட்டையிலிருந்து நானேதாங்கண்ணா வண்டி ஓட்டிட்டு வந்தேன்" என்றான், பரீட்சையில் பாஸான முகத்தோடு. வெளியே அவனுடைய மொபெட் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த எரிச்சலில் டீ சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

எரிச்சல் அவன் மேல் இல்லை. 2018 சித்திரையில் எனக்கு அறுவை நடந்தது. அந்த வருடம் நானும் இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். இடது நெற்றிப் பக்கம் மெனிஞ்சியோமா, அதாவது மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் முளைக்கும் கட்டி. நான் டாக்டர் இல்லை, கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். தையலைச் சொறியாதே, பீடி குடிக்காதே என்பதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்புவார்கள், அதை விட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு யாரும் சொல்லாததால் நாம் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

"சாதாக் கட்டிதானே"

பெரும்பாலான மெனிஞ்சியோமாக்கள் புற்றுநோய் வகை இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் அப்படி வந்ததும் சொந்தபந்தம் மொத்தமும் பெருமூச்சு விட்டு, கதை முடிந்தது என்று எழுந்து போய்விடும். நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கட்டி எந்த வகையாக இருந்தாலும் மண்டையோட்டை அறுத்துத் திறந்துதான் எடுத்திருக்கிறார்கள். அறுத்த எலும்பைத் திரும்ப வைத்து டைட்டானியம் தகடும் திருகும் போட்டு மூடியிருக்கிறார்கள். தையல் இரண்டு வாரத்தில் பிரித்துவிடலாம். எலும்பு ஒட்டிச் சேர மாதக்கணக்காகும். அதற்கடியில் எத்தனையோ வருடம் கட்டி அழுத்திக்கொண்டிருந்த மூளை தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள இன்னும் நாளாகும். தோல் ஆறியதைப் பார்த்துவிட்டுத் தலையே ஆறிவிட்டதாக நாம் கணக்குப் போடுகிறோம்.

எனக்கு மூன்றாம் வாரம் சாப்பிடும்போது தலைக்குள் "டிக்" என்று சத்தம் கேட்டது. திருகு கழன்றுவிட்டது என்றே நினைத்து அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எலும்பு சேரும்போது அப்படிக் கேட்பது உண்டாம். தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருப்பது, பிறகு எறும்பு ஊர்வதுபோல அரிப்பது, இதுவும் நரம்பு திரும்ப வரும்போது நடப்பதுதான். மறு விசிட்டில் கேட்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றுமே ஞாபகம் வராது.

ஸ்டீராய்டை நாமே நிறுத்துவது

டெக்சாமெத்தசோன், மூளை வீக்கம் வற்றுவதற்குக் கொடுப்பார்கள். பேய்ப்பசி எடுக்கும். நான் ஒரே சாயங்காலத்தில் நாலு தட்டு தட்டுவடை செட் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து இட்லியும் கேட்டவன். தூக்கம் வராது, முகம் உப்பும், சர்க்கரை ஏறும். பார்க்க வருகிறவர்கள் "ஐயோ ஸ்டீராய்டா, கிட்னி போயிடும், விட்டுடு" என்பார்கள், நாமும் விட்டுவிடலாமா என்று யோசிப்போம்.

விடக்கூடாது. சிறுநீரகத்தின் மேல் அட்ரினல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தினமும் சுரப்பது அதுதான். வெளியிலிருந்து மாத்திரையாக வர ஆரம்பித்ததும் அது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய், வாந்தி, தலைசுற்றல், எழுந்திருக்க முடியாத அசதி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைக்கச் சொல்வது அதற்குத்தான்.

என்னைக் காப்பாற்றியது என் மனைவி. தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும், ராகு காலத்துக்குப் பக்கத்தில், "காலை 1, ராத்திரி அரை" என்று பேனாவால் எழுதிவைத்தாள். ராத்திரி மாத்திரை உள்ளே போன பிறகுதான் தாளைக் கிழிக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டீராய்டு முடிந்த பிறகும், வலிப்பு வராமல் இருக்கக் கொடுத்த ஃபிட்ஸ் மாத்திரைக்காக அதை நிறுத்தவில்லை.

நல்ல நாள் வந்தால் அள்ளிச் செலவழிப்பது

இதுதான். இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

முதல் மூன்று மாதம் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால்தான் புரியும். எங்கள் தொழிலில் எடைதான் எல்லாம். மின்தராசில் 412.350 என்று காட்டும். நோட்டுப் பக்கம் திரும்புவதற்குள் 412 மட்டும் இருக்கும், பின்னால் இருந்தது போயிருக்கும். திரும்பப் பார்ப்பேன், இந்த முறை 350 இருக்கும், 412 போயிருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவேன். "கொக்கி" என்ற வார்த்தை ஒரு மதியம் முழுக்க வரவில்லை, பதினைந்து வயதிலிருந்து நான் வைத்துப் பழகிய கொக்கி.

அப்புறம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்தேன், தலை துடைத்துவிட்டாற்போல இருந்தது. பத்து ஜோடி எடை போட்டேன், பத்தும் சரி. மனைவியிடம் "நான் வந்துட்டேன்" என்றேன். பிறந்தால் ஆவணி, முகூர்த்த ஆர்டர் குவிந்து கிடக்கிறது, என் கூடப்பிறந்த தம்பி ஒருவனாக மல்லாடிக்கொண்டிருக்கிறான். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவன் ராத்திரி ஒன்பதுக்குத்தான் எழுந்தேன். மறுநாள் உடம்பு கனத்தது, ஏற்காட்டுக் காபித்தூளைக் கொஞ்சம் கூடவே போட்டுச் சமாளித்தேன். அன்று ராத்திரி கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் பம்பைச் சத்தத்துக்கு நடுவில் இரண்டு மணி நேரம், எல்லாரும் "சும்மா ஜம்முனு இருக்கியேப்பா" என்று சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் ஏறியது. மூன்றாம் நாள் சரக்கு அனுப்ப வேண்டும் என்று பட்டறையிலேயே ஒரு மணி வரை. காலண்டர் வீட்டில் இருந்தது. ஃபிட்ஸ் மாத்திரை விட்டுப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை வலது கை விரல்கள் தானாகத் துடிக்க ஆரம்பித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மீதியைப் பட்டறைப் பையன்கள் சொல்லித்தான் தெரியும். கீழே விழுந்திருக்கிறேன், ஒருத்தன் சாவிக் கொத்தை என் கையில் திணித்திருக்கிறான், இன்னொருத்தன் நாக்கைக் கடித்துவிடுவேன் என்று பல்லுக்கு நடுவில் ஸ்பூனை வைத்திருக்கிறான். முன்பல் ஒன்று போனது ஃபிட்ஸால் இல்லை, ஸ்பூனால். (இரும்பு கொடுத்தால் நிற்காது. வாயில் எதையும் வைக்கக்கூடாது. பக்கத்தில் இருக்கிற கூரான சாமானை நகர்த்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ 108. இதை உங்கள் வீட்டிலும் வேலை செய்கிற இடத்திலும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.)

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஸ்கேன், மாத்திரை அளவு கூடியது. ஃபிட்ஸ் இல்லாமல் இருந்த நாள் கணக்கு பூஜ்யத்துக்குப் போனது. மூன்று வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த ஆடிச் செவ்வாய்க்கிழமை இருந்த நிலைமைக்கு நான் திரும்பி வர தை மாதம் ஆயிற்று. மூன்று நாள் வேலைக்கு ஐந்து மாதம் சேதாரம், எந்தக் கடையிலும் இப்படிப் போட மாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "போதிய ஓய்வு" என்று ஒரு வரி இருந்தது. போதிய என்றால் எவ்வளவு? என்னைப் போன்றவன் படுத்திருப்பதுதான் ஓய்வு என்று நினைப்பான். எதிரே இருக்கிறவர் பேச்சைக் கேட்பது, கணக்குப் போடுவது, கூட்டத்தில் நிற்பது எல்லாமே அறுவை ஆன மூளைக்குச் சுமைதான் என்று ஒருவர் உட்கார்த்திவைத்துச் சொல்லியிருந்தால் போதும். தூக்கம் கெடுவதும் மாத்திரை விட்டுப்போவதும் ஃபிட்ஸைக் கூப்பிடுகிற முதல் இரண்டு காரணங்கள். நான் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்து, மேலே பம்பைச் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

நல்ல நாள் என்பது அதற்கு முன்னால் எடுத்த ஓய்வு வேலை செய்திருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அப்புறம் நான் கடைப்பிடித்தது இது: முதலில் தினமும் ஒரு மணி நேரம் பட்டறை. நல்ல நாளிலும் ஒரு மணி நேரம்தான். இன்னும் செய்யலாம் போலிருக்கும்போதே எழுந்துவிட வேண்டும், அதுதான் கஷ்டம், கை பரபரக்கும். மதியம் சாப்பிட்டதும் அசதி வரும் வரை காத்திருக்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் படுப்பது. கணக்கு வேலையெல்லாம் காலையில். எடை போடும்போது ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. ஒரு வாரம் உடம்பு தாங்கினால் அடுத்த வாரம் அரை மணி கூட்டுவேன், தாங்காவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடுவேன். நத்தை மாதிரி இருக்கிறதே என்று தம்பி கேலி செய்தான். செய்யட்டும்.

"ஏற்காட்டுல ஒரு மாசம் இரு, காத்துல தேறிடும்"

நம் ஊரில் எந்த நோய்க்கும் இந்த மருந்து உண்டு. மலைக்காற்று சுகம்தான், சித்திரை வெயிலில் சேலத்தில் வேகிறவனுக்கு அந்த ஐயாயிரம் அடி உயரம் சொர்க்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு. நல்ல தலைக்கே சுற்றும். எனக்கு இரண்டாம் மாதம் ஐந்தாவது வளைவிலேயே வாந்தி, வண்டியைத் திருப்பிவிட்டார்கள். அதைவிட முக்கியம், நடு ராத்திரி ஏதாவது ஆனால் அத்தனை வளைவும் இறங்கி வந்துதான் மூளை டாக்டரைப் பார்க்க வேண்டும். மறு விசிட் முடிந்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு, கூட ஆள் இருந்தால் போங்கள். ஏரிக்கரையில் நடங்கள், நல்லதுதான்.

வண்டி ஓட்டுவது

டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை வேண்டாம். மொபெட்டும் வண்டிதான்.

கோபம் வந்தால் குணம் கெட்டுவிட்டது என்று நினைப்பது

இரண்டாம் மாதம் நான் குழம்புக் கிண்ணத்தைச் சுவரில் அடித்தேன். உப்பு கம்மி, அதற்குத்தான். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் குரல் உயர்த்தாதவன். நெற்றிப் பக்கத்து மூளையில் கைவைத்திருந்தால் எரிச்சலை அடக்குகிற பிடி தளர்ந்திருக்கும். போதாக்குறைக்கு ஃபிட்ஸுக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் மாத்திரை சிலருக்கு இந்தக் கோபத்தைக் கொண்டுவரும். சிலருக்கு எல்லாம் வெறுத்துப்போய் அழுகையாக வரும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லவே இல்லை. மனைவிதான் கதவுக்கு வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, "கிண்ணத்தைச் சொல்லுங்க" என்றாள். சொன்னதும் அவர் வியப்படையக்கூட இல்லை, மாத்திரையை மாற்றி எழுதிவிட்டார். நீங்களாக நிறுத்தாதீர்கள், சொல்லுங்கள்.

பிசியோவை ஆறு வாரத்தில் விடுவது

முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும், அப்புறம் வேகம் குறையும், ஆனால் நிற்காது. என் வலது கை விரலுக்கு நடுக்கம் முழுசாகப் போனது இரண்டாம் வருடம்தான், அதுவும் தினமும் முத்துக் கோத்துக் கோத்து.

அடுத்தவரோடு ஒப்பிடுவது

"எங்க பெரியப்பாவுக்கு இதே ஆபரேஷன், ஒரே மாசத்துல ஆபீஸ் போயிட்டார்." அவருக்குக் கட்டி எங்கே இருந்தது, எவ்வளவு பெரிசு, கேளுங்கள். பதில் இருக்காது.

எல்லாவற்றையும் "போகப்போகச் சரியாயிடும்" என்பது

மெதுவாகத் தேறுவது வேறு, தேறிக்கொண்டிருந்தது திரும்புவது வேறு. தலைவலி நாளுக்கு நாள் கூடி வாந்தியும் சேர்ந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், தையல் வழியாகவோ மூக்கு வழியாகவோ தண்ணீர் மாதிரி கசிந்தால், புதிதாகக் கை கால் இழுத்தால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்தத் தம்பிக்கு இதில் பாதிதான் சொன்னேன். பேச்சு இருபது நிமிடம் தாண்டியதும் கண் சொருக ஆரம்பித்தது, எனக்குத் தெரியாதா அந்தக் கண். நிறுத்திவிட்டு டீ வரவழைத்துக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். மொபெட் பட்டறை வாசலில்தான் நிற்கிறது. சாவி என் மேசை டிராயரில். அவனுடைய மாமா இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டார், டாக்டர் எழுதின சீட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.