செகண்ட்ஹேண்ட் மேனுஃபாக்சர்ட் ஹோம்: போட்டிருக்கும் விலைக்கு மேல் என்னென்ன செலவு வரும்?

அமெரிக்காவில் வீடு தேடுகிறவர்கள் இணையத்தில் விலை வரம்பைக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் 45,000 டாலர், 60,000 டாலர் என்று மூன்று படுக்கையறை வீடுகள் கண்ணில் படும். அதே ஊரில் மற்ற வீடுகளுக்கு இதைப்போல ஆறேழு மடங்கு கேட்பார்கள். இந்த மலிவு வீடுகளில் நிறைய மேனுஃபாக்சர்ட் ஹோம் வகை: தொழிற்சாலையிலேயே கட்டி, அடியில் இரும்புச் சட்டத்தோடு லாரியில் இழுத்து வந்து நிறுத்தியவை. ஒரே துண்டாக வந்தால் சிங்கிள்வைட், இரண்டு துண்டாக வந்து நடுவில் சேர்த்தால் டபுள்வைட். பேச்சுவழக்கில் இன்னும் மொபைல் ஹோம், ட்ரெய்லர் என்றுதான் பலர் சொல்கிறார்கள்.

வீட்டில் குறை என்று நான் சொல்ல வரவில்லை, நல்ல வீடுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான், சில சமயம் சின்னப் பகுதி. மீதி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: மண் யாருடையது என்று முதலில் கேளுங்கள்

வீட்டின் படங்களைப் பார்ப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். இரண்டே பதில்தான் வரும். வீட்டோடு மனையும் சேர்த்து விற்கிறார்கள், அல்லது வீடு மட்டும் உங்களுடையது, மனை ஒரு பார்க்குக்கு, அதாவது இந்த வகை வீடுகளை நிறுத்த மனைகளை வாடகைக்கு விடும் குடியிருப்புக்குச் சொந்தம். 45,000 டாலர் என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியென்றால் மாதாமாதம் மனை வாடகை கட்ட வேண்டும், லாட் ரெண்ட் என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனை வாடகை மாதம் 750 டாலர், வருடத்துக்கு 6 சதவீதம் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 9,000, அடுத்து 9,540, இப்படியே ஐந்து வருடம் கூட்டினால் கிட்டத்தட்ட 50,700 டாலர். வீட்டின் விலை 45,000. அதாவது ஐந்தே வருடத்தில் வீட்டைவிட அதிகமாக, உங்களுக்குச் சொந்தமில்லாத மண்ணுக்குக் கொடுத்திருப்பீர்கள். அதனால்தான் இதை முதல் படியாக வைத்தேன்.

பார்க் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்க வேண்டியவை சில. இப்போது விற்பவர் கட்டும் வாடகையை நம்ப வேண்டாம், புதிதாக வருகிறவருக்கு வாடகையைக் கூட்டுவது பல பார்க்குகளில் வழக்கம், எனவே "எனக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர், கழிவுநீர், குப்பை எல்லாம் அதில் அடங்குமா, தனியா? கடந்த நாலைந்து வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள்? இதை அலுவலகத்தைவிட அங்கே குடியிருப்பவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள், மாலையில் ஒரு சுற்று நடந்தாலே போதும். பார்க் சமீபத்தில் கைமாறியதா என்றும் விசாரியுங்கள், முதலீட்டு நிறுவனங்கள் பார்க்குகளை வாங்கி வாடகையை ஏற்றுவது பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் ஏற்றுவதற்கு 90 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அறிவிப்புக் கொடுப்பது வேறு, உச்சவரம்பு வைப்பது வேறு.

இன்னொன்று, வாங்குகிறவரை பார்க் நிர்வாகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். விண்ணப்பக் கட்டணம், வருமானச் சான்று, கிரெடிட் பரிசோதனை எல்லாம் உண்டு. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பார்க் என்றால் இளம் குடும்பத்துக்கு இடம் கிடைக்காது. இதெல்லாம் முடியாமல் விற்பவரிடம் பணம் கொடுத்துவிட்டால் வீடு இருக்கும், அதில் குடியிருக்க அனுமதி இருக்காது.

மனையோடு விற்கிறார்கள் என்றால் மனை வாடகை போய், சொத்து வரி வரும். கிராமப்புறமாக இருந்தால் கிணறு, செப்டிக் டேங்க் இரண்டையும் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

படி 2: எந்த வருடம் கட்டியது?

ஒரே ஒரு தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1976 ஜூன் 15. அன்றுதான் இந்த வீடுகளுக்கான மத்திய அரசின் கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அமெரிக்க வீட்டுவசதித் துறையை ஹட் என்று அழைப்பதால் ஹட் கோட் என்பார்கள். அதற்கு முன் கட்டியதுதான் முறைப்படி மொபைல் ஹோம், பின்னால் கட்டியது மேனுஃபாக்சர்ட் ஹோம். 1976-க்கு முந்தைய வீட்டுக்குக் கடனும் இன்ஷூரன்ஸும் கிடைப்பது குதிரைக்கொம்பு. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதல்முறை வாங்குகிறவர்கள் ஒதுங்கிப் போவதே நல்லது.

ஹட் விதிப்படி கட்டிய வீட்டின் வெளிச்சுவரில், ஒவ்வொரு துண்டிலும், சின்னதாகச் சிவப்பு உலோகத் தகடு ஒன்று அடித்திருப்பார்கள். டபுள்வைட் என்றால் இரண்டு தகடு. உள்ளே சமையலறை அலமாரியிலோ, மின்சாரப் பெட்டிக்கு அருகிலோ, படுக்கையறை அலமாரியிலோ ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், அதுதான் டேட்டா பிளேட். அந்த வீடு எந்தக் காற்று மண்டலத்துக்கு (காற்றின் வேகத்தை வைத்து நாட்டைப் பிரித்த பகுதிகள்) கட்டியது, கூரை எவ்வளவு பனியைத் தாங்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஃப்ளோரிடாவைச் சிதைத்த பிறகு, 1994-ல் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள், வெப்பக்காப்பு விதிகளையும் அதே வருடம் திருத்தினார்கள். எனவே 1994-க்குப் பின் கட்டியதென்றால் மின்சாரக் கட்டணத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வெளிச்சுவரை மாற்றும்போது தகட்டைப் பிடுங்கிப் போட்டவர்கள் ஏராளம். தொலைந்த தகட்டுக்கு ஹட் புதுத் தகடு தராது. அதற்குப் பதிலாக ஐபிடிஎஸ் என்ற நிறுவனத்திடம் பணம் கட்டி ஒரு உறுதிக் கடிதம் வாங்கலாம், அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சீரியல் எண் அதற்கு உதவும். இந்த வேலையை விற்பவர் தலையில் கட்டுங்கள்.

படி 3: டைட்டில், பழைய பாக்கி

மனை இல்லாத வீடு, சட்டத்தின் கண்ணில் பல மாநிலங்களில் வண்டி மாதிரிதான், டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தை வைத்துத்தான் கைமாறும். ஃப்ளோரிடாவில் இதை மோட்டார் வாகனத் துறை பார்க்கிறது, டபுள்வைட் என்றால் இரண்டு டைட்டில். கலிஃபோர்னியாவில் மாநில வீட்டுவசதித் துறை. டெக்சாஸில் டைட்டிலுக்குப் பதில் உரிமைச் சான்று ஒன்று, அங்கேயும் மாநில வீட்டுவசதித் துறைதான் தருகிறது. "டைட்டில் என் மாமா பெயரில் இருக்கிறது, அவர் இறந்துவிட்டார், பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் பரவாயில்லை அல்ல. அந்தச் சிக்கலை அவர்களே தீர்த்துவிட்டு வரட்டும்.

வீட்டின் மீதுள்ள பாக்கிகள் வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வரலாம். சொத்து வரி, பதிவுக் கட்டணம், பழைய கடன், இவை மூன்றையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1980 ஜூலை 1-ஐ ஒட்டி இரண்டு வகை உண்டு: அதற்கு முன் புதிதாக விற்கப்பட்ட வீடுகள் பொதுவாக வருடாந்திரப் பதிவுக் கட்டணத்தில் இருக்கும், பின்னால் வந்தவை சொத்து வரியில். சொத்து வரியில் இருந்தால் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் வாங்க வேண்டும். விற்பனை வரி உண்டா இல்லையா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கவுண்டியில் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

படி 4: கடனின் உண்மையான விலை

மண் சொந்தமில்லாத வீட்டுக்குச் சாதாரண வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். சாட்டல் லோன் என்ற வகைதான் கிடைக்கும், வீட்டை ஒரு பொருளாக வைத்துத் தருவது. வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. 40,000 டாலரைப் பதினைந்து வருடத்துக்கு 7 சதவீதத்தில் வாங்கினால் மாதம் சுமார் 360, அதுவே 10 சதவீதம் என்றால் சுமார் 430. மாதம் எழுபது டாலர்தானே என்று தோன்றும், முடியும்போது 12,600 டாலர் கூடுதலாகப் போயிருக்கும். மனையும் உங்களுடையதாகி, வீடு நிரந்தர அஸ்திவாரத்தில் நின்றால் எஃப்எச்ஏ (மத்திய அரசு அமைப்பு ஒன்று காப்பீடு தரும் வீட்டுக் கடன்) மாதிரியான கடன்களுக்கு வழி திறக்கும், ஆனால் அஸ்திவாரம் விதிப்படி இருக்கிறது என்று பொறியாளர் ஒருவர் சான்று தர வேண்டும், அவருக்குக் கட்டணம் நீங்கள் கொடுப்பீர்கள்.

படி 5: வீட்டுக்கு அடியில் ஆளை அனுப்புங்கள்

பெரிய பணம் போகிற இடம் கீழேதான். இந்த வகை வீட்டில் பழகிய, உடையில் மண் ஒட்டினாலும் பரவாயில்லை என்று அடியில் ஊர்ந்து போகத் தயாராக இருக்கிற இன்ஸ்பெக்டர் வேண்டும். சில நூறு டாலர் ஆகும், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அவர் வருவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை உண்டு. கழிப்பறையைச் சுற்றி, குளியல் தொட்டி ஓரம், வாஷிங் மெஷின் அருகே, ஜன்னலுக்குக் கீழே காலை அழுத்தி நடந்து பாருங்கள். பழைய வீடுகளில் தரைக்கு அடியில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை போட்டிருப்பார்கள், தண்ணீர் பட்டால் உப்பி உளுத்துவிடும், கால் மெத்தென்று அமுங்கும். புதுசாக வினைல் தரை போட்டிருந்தால் இன்னும் கவனமாக நடங்கள்.

அடியில் கறுப்பு உறை ஒன்று வயிறு மாதிரி வீட்டை மூடியிருக்கும். அது எங்கேயாவது தொங்கினால் மேலே குழாய் ஒழுகி உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கலாம். கிழிந்திருந்தால் எலி குடித்தனம். குழாய் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக்காக இருந்தால் பாலிபியூட்டிலீனாக இருக்கலாம், 1978 முதல் 1995 வரை அதிகம் போட்டது, தண்ணீரிலுள்ள குளோரின் பட்டுப் பட்டு உள்ளிருந்தே கெட்டு வெடிக்கும். மொத்தக் குழாயையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கதவு தானாக மூடுகிறது, கூரையில் நடுக்கோட்டில் விரிசல் என்றால் வீடு சாய்ந்திருக்கிறது, அடியிலுள்ள கான்கிரீட் கட்டைகளைச் சரிசெய்து மட்டம் பார்க்க வேண்டும். உதிரிப் பாகங்களிலும் ஒரு தொல்லை இருக்கிறது: குளியல் தொட்டி வழக்கமான 60 அங்குலத்துக்குப் பதில் 54 அங்குலமாக இருக்கும், கதவுகளின் அளவும் வேறு, வாட்டர் ஹீட்டர்கூட இந்த வகை வீட்டுக்கென்று குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி மாட்டிவிட முடியாது.

படி 6: "வாங்கி, வேறு இடத்துக்கு நகர்த்திவிடலாம்" என்ற யோசனை

விட்டுவிடுங்கள். "5,000 டாலர், நீங்களே எடுத்துப் போக வேண்டும்" என்று விளம்பரம் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். லாரி, அனுமதிச் சீட்டு, முன்னும் பின்னும் போகும் பாதுகாப்பு வண்டி, புது இடத்தில் அடித்தளம், தரையோடு இழுத்துக் கட்டும் பட்டைகள், சுற்றுமறைப்பு, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம், டபுள்வைட் என்றால் பிரித்துச் சேர்க்கும் வேலையும் உண்டு. முதல் காற்று மண்டலத்துக்குக் கட்டியதை இரண்டாவது, மூன்றாவது மண்டலத்தில் வைக்க முடியாது. பழைய வீடுகளைப் பல பார்க்குகள் சேர்க்காது. ஒருமுறை இடம் மாறிய வீட்டுக்குப் பல கடன் திட்டங்களும் கதவை மூடிவிடும்.

படி 7: இன்ஷூரன்ஸ் விலையை முன்பே கேளுங்கள்

வாங்கிய பிறகு அல்ல. இந்த வீடுகளுக்குத் தனி பாலிசி. தேய்மானம் கழித்துக் கொடுப்பார்களா, புதிதாகக் கட்டும் செலவைக் கொடுப்பார்களா என்று கேளுங்கள், இருபது வருட வீட்டுக்கு இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம். புயல் பகுதி என்றால் இழுத்துக் கட்டிய பட்டைகளைப் பரிசோதித்த சான்று கேட்கலாம். வெள்ள இன்ஷூரன்ஸ் தனி.

படி 8: கையெழுத்துக்கு முன்

எல்லாவற்றையும் ஒரே தாளில், ஒரு பக்கம் ஒரேமுறை வரும் செலவு (இன்ஸ்பெக்டர், டைட்டில் மாற்றம், பழுது, பார்க்கின் முன்பணம்), இன்னொரு பக்கம் மாதச் செலவு (கடன், மனை வாடகை, இன்ஷூரன்ஸ், வரி, மின்சாரம்) என்று எழுதி, அறுபது மாதத்துக்குப் பெருக்கி, அதே ஊரில் வாடகை வீட்டுக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறமும் வாங்கத்தான் தோன்றினால் ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளை எழுதச் சொல்லுங்கள்: பார்க் அனுமதி கிடைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் அறிக்கை திருப்தியாக இருக்க வேண்டும், பாக்கியில்லாத டைட்டில் வர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் முன்பணம் திரும்ப வர வேண்டும். பணத்தை விற்பவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் எஸ்க்ரோ நிறுவனம் (நிபந்தனைகள் நிறைவேறும்வரை பணத்தை நடுவில் வைத்திருப்பவர்கள்) வழியாக அனுப்புங்கள், கட்டணம் பாதிப் பாதி என்று பேசிக்கொள்ளலாம்.