லேப்டாப் திரையின் கீல் ஆடினால்

திறந்து வைத்த கோணத்தில் நிற்காமல் திரை தானாகப் பின்னால் சாய்ந்தால், கீலின் திருகாணிகள் தளர்ந்திருக்கும் அல்லது கீலின் பிடிப்பே தேய்ந்திருக்கும். திறக்கும்போது மூலையில் மேல்மூடியும் அடிப்பாகமும் பிளந்து ‘படக்’ என்ற ஓசை எழுந்தால், உள்ளே பிளாஸ்டிக் உடைந்துவிட்டது. வீடுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இதில் கீல் தளர்வதில்லை, இறுகிப்போகிறது. சுழல மறுக்கும் கீலின் மீது கையின் வலு முழுவதும் விழ, திருகாணியைத் தாங்கும் சிறு பித்தளை மரை பிளாஸ்டிக்கோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்றால் எஃகு துருப்பிடித்து இந்த இறுக்கம் கூடக்கூடும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பழையவற்றில் பிளாஸ்டிக்கும் வயதாகி நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும் என்பதால், கூடுதல் நிதானம் தேவை.

டச்பேட் அருகே கணினியின் உடல் உப்பியிருந்தால் கோளாறு பேட்டரியில். பேட்டரியைத் தொடாமல் கணினியைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

சார்ஜரைப் பிடுங்கி, கணினியை முழுவதும் அணைத்துவிட்டு, அடிப்புறத் திருகாணிகளைக் கழற்றுங்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலும் சில ஒளிந்திருக்கும். நீளம் வெவ்வேறாக இருப்பதால், ஓர் அட்டையில் கணினியின் உருவத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முடுக்கினால் அது கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும். காலாவதியான ஏடிஎம் அட்டையால் விளிம்பை நெம்பித் திறந்ததும், முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். திரைக்கான கேபிளும் வைஃபை ஆன்டெனா வயர்களும் கீலை ஒட்டியே போகின்றன. அவை எந்த வழியாகச் செல்கின்றன என்பதை ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

ஒட்டுவதற்கு முன் கீலைத் தளர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டுவது வீண் உழைப்பு, மறுபடியும் பிய்ந்துவிடும். கீலின் முனையில் நட்டு இருந்தால், அதைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, திரை சாயாமல் நிற்கிறதா என்று பார்த்து, தேவையானால் இன்னும் சிறிது தளர்த்துங்கள். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நட்டு இல்லாத வகையில் கீலையே மாற்றுவதுதான் வழி. அடிப்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் இடம், வலம் இரண்டையும் ஜோடியாகக் கேளுங்கள்.

இனி பசை. உடைந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். இழுவிசை பட்டால் நொறுங்கிவிடும், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். இரண்டு டியூப்களில் வரும் அரால்டைட்டைச் சம அளவில் கலந்து, மரையைச் சுற்றி நிரப்புங்கள். மரை சற்றே கோணினாலும் திருகாணி பொருந்தாது. ஆகையால் திருகாணியின் புரியில் மெழுகைத் தடவி, கீலோடு சேர்த்து மரையில் முடுக்கிய நிலையிலேயே, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மெழுகு இருப்பதால் திருகாணி பசையில் சிக்காது. கீலின் சுழலும் பகுதியில் மட்டும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

பேட்டரியை மீண்டும் இணைத்து அடிப்புறத்தை மூடிய பின், கணினியை இயக்கித் திரையைப் பலமுறை திறந்து மூடிப் பாருங்கள். ஏதாவது கோணத்தில் காட்சி மினுங்கினால் கேபிள் நசுங்கியிருக்கிறது, மீண்டும் திறந்து அதன் பாதையைச் சரிசெய்ய வேண்டும். மூலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கமிருந்தால், விளிம்பின் நடுப்பகுதியைப் பிடித்துத் திறக்கும்படி வீட்டிலுள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.