வயது போன பிறகு வடக்கு நோர்வேயில் ஊழியம்: பனிக்காலத்துக்கு ஆயத்தப்படுவது எப்படி

பென்சன் எடுத்து ஒஸ்லோவில் ஓய்வாக இருக்கும் சோடிகளைத்தான் வடக்கே உள்ள சின்னச் சபைகள் தேடுகின்றன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நோர்வே பாசை கைவசம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அப்படி வடக்கு நகரமான ட்ரொம்சோவுக்கு வெளிக்கிட உங்களைக் கேட்டிருந்தால், நாங்கள் இருவரும் இங்கே பழகிக்கொண்டதை எழுதிவைக்கிறேன்.

குளிருக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் சூடான நீரோட்டத்தால் சனவரியிலும் சராசரி மைனஸ் 4 பாகைக்குக் கிட்டத்தான் நிற்கும். உடம்போடு ஒட்டினாற்போல கம்பளி உள்ளுடுப்பு போட்டால் போதும். பருத்தி வேண்டாம், வேர்வையைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும். சேலைக்குள் கம்பளிக் காற்சட்டை போடலாமா என்று என்னிடம் கேட்ட தங்கச்சிமாருக்கு: தாராளமாகப் போடலாம், ஒருவருக்கும் தெரியாது.

பயம் வழுக்கலுக்குத்தான் வேண்டும். பகலில் மழை பெய்து பனி உருகும், இரவில் உறையும், விடிய ரோட்டெல்லாம் ஐஸ். எங்கள் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அந்தப் பனிக்காலம் முழுக்கச் சபைதான் உங்களுக்கு ஊழியம் செய்ய வேண்டிவரும். ஆகவே ஒக்டோபரிலேயே ப்ரொடர் வாங்குங்கள், சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள்ளு அது. முன்பாதம், குதி இரண்டிலும் முள்ளு உள்ளதாகப் பாருங்கள். கடையில் கதிரையில் இருந்து, உதவி இல்லாமல், உங்கள் கையாலேயே மாட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் வேறு வகை எடுங்கள். கோயில் வாசலில் அதைக் கழற்றாமல் உள்ளே போகக் கூடாது, கல் தரையில் அந்த முள்ளே வழுக்கும். வாங்கில் இருந்து கழற்றி, பைக்குள் போட்டு, வீட்டுச் சப்பாத்தை மாட்டுங்கள். இவர் ஒற்றைக் காலில் நின்று சுவரைப் பிடித்துக் கழற்றப் பார்ப்பார், நான் விடுவதில்லை.

கார் லைற் பட்டால் மின்னும் பிரதிபலிப்பு வில்லையும் மறக்க வேண்டாம். மங்கல் லைற்றில் வரும் சாரதிக்கு அது இல்லாத ஆளை 25, 30 மீற்றருக்குள் வந்தால்தான் தெரியும். இருந்தால் 140 மீற்றர் தூரத்திலேயே தெரியும். முழங்காலுக்குக் கிட்டத் தொங்க விடுங்கள், கழுத்தில் அல்ல.

நவம்பர் கடைசியில் சூரியன் போய்விடும். சனவரி நடுப்பகுதியில் அது எழுந்தாலும் மலை மறைப்பதால் ஊருக்குள் 21ஆம் திகதிதான் தெரியும். இடையில் முழு இருட்டு என்று நினைக்காதீர்கள், மத்தியானத்தை ஒட்டி இரண்டு மூன்று மணித்தியாலம் நீல வெளிச்சம் இருக்கும். எந்த வேலை இருந்தாலும் அந்நேரம் வெளியே நடவுங்கள். காலை ஏழு மணிக்கு வீட்டு லைற்றெல்லாம் போட்டுவிடுங்கள், பின்னேர நித்திரையை அரை மணித்தியாலத்தோடு நிறுத்துங்கள். காலையில் ஒரு கரண்டி கொட் மீனின் ஈரல் எண்ணெய் குடியுங்கள், 5 மில்லிலீற்றரில் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி இருக்கிறது. இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இனி ஊழியத்துக்கு வருவோம். பிரசங்கத்துக்காக உங்களை அழைக்கவில்லை. ஆராதனை முடிந்த கையோடு நடக்கும் கோப்பிதான் உங்கள் இடம். குசினியில் நில்லுங்கள், வாஃபிள் சுடுங்கள். ஏலக்காய் போட்ட மாவுதான், அதில் எங்கள் கைக்கு ஒரு குறையும் வராது. பிரவுண் சீஸைச் சீவித் தட்டில் வைத்துவிட்டு, தனியாக இருக்கும் ஆளுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். மேடையில் நின்று கேட்டால் ஒன்றும் சொல்லாத மனிசர் பாத்திரம் கழுவும்போது எல்லாம் சொல்வார்கள். இங்கத்தை ஆட்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே 'ஆம்' என்பார்கள். அவருக்கு நெஞ்சடைக்கிறது என்று பதற வேண்டாம்.

வீட்டுச் சந்திப்பு எங்கள் ஊர் மாதிரி இல்லை. சும்மா போய்க் கதவைத் தட்டினால் அவர்களுக்குச் சங்கடம். முதல்நாள் போன் பண்ணுங்கள், சொன்ன நேரத்துக்கு நில்லுங்கள், வாசலில் சப்பாத்தைக் கழற்றுங்கள், ஒரு மணித்தியாலத்தில் எழும்புங்கள். கதைக்காமல் இருந்தால் இருக்கட்டும். நாங்கள்தான் இடைவெளியைக் கண்டால் நிரப்பப் பார்க்கிறோம். ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கோப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த கிழமை அவர்களே கேட்பார்கள், அல்லது கேட்காமலும் விடுவார்கள்.

நத்தாருக்கு முந்தின நாலு ஞாயிறுகளைக் கொண்ட அட்வென்ற் காலம் தொடங்கியதும் யன்னலில் நட்சத்திர விளக்கு வைத்து, நாலு ஊதா மெழுகுதிரியை ஞாயிறுக்கு ஒன்றாகக் கொளுத்துங்கள். நத்தார் ஆராதனையை நடுச்சாமத்தில் தேடாதீர்கள். 24ஆம் திகதி பின்னேரமே பெரிய கூட்டம், ஐந்து மணிக்கு மணியடித்தால் எல்லோரும் வீட்டுக்குள். பிறகு ரோட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே டிசம்பர் முதல் கிழமையே கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் தொங்க விடுங்கள்: அன்று இரவு யார் தனியாக இருப்பார்கள், யாரைக் காரில் கூட்டிவர வேண்டும் என்று. அன்றைக்குப் பாற்சோறு மாதிரி ஒரு பால் அரிசிக் கஞ்சி காய்ச்சுவார்கள், எங்களுக்கு இனிக்கும் பழகின சாப்பாடு. வெள்ளை மீனைச் சாம்பல் காரத்தில் ஊறவைத்த லூட்டஃபிஸ்க்கை மட்டும் மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சனவரி 21க்கு ஜாம் வைத்த உருண்டைப் பணிஸ் தின்று சூரியனை வரவேற்பார்கள். வெதுப்பகத்தில் காலையிலேயே வரிசை நிற்கும், முதல்நாளே சொல்லிவையுங்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள், அடுத்த நாள் கொடுப்பதில் பொருள் இல்லை.