அவள் ஆமென் சொல்லாத இரவு

எங்களுக்குக் கல்யாணமாகி 24 வருடம் ஆகிறது. முதல் நாளிலிருந்தே தூங்கப் போகுமுன் சேர்ந்து ஜெபிப்போம். ஆனாலும் ஏழாவது வருடத்தில் எங்களுக்குள் பேச்சே வற்றிப்போனது. ஜெபம் விட்டுப்போகாத வீட்டில் ஏன் அப்படி ஆனது என்று யோசித்து யோசித்து, இருவரும் மாற்றிக்கொண்ட சிலவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஜெபிக்கும் விதத்தைப் பாருங்கள். என் பெரிய தவறு அங்கேதான் இருந்தது. பகலில் அவளிடம் நேரே சொல்லத் துணியாததை இரவில் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வேன். "கர்த்தாவே, இந்த வீட்டில் நாவை அடக்கும் கிருபையைத் தாரும்" என்பேன். யாருடைய நாவு என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு நாள் நான் முடித்தபோது அவள் ஆமென் சொல்லவில்லை. எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

புருஷன் மனைவிக்குரிய கனத்தை, அதாவது மரியாதையை, செய்ய வேண்டும் என்று சொல்லும் வேதாகம வசனமான 1 பேதுரு 3:7, "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்று காரணமும் சொல்கிறது. பல தடவை வாசித்த வசனம்தான். அந்த இரவில்தான் அது எனக்கு எழுதப்பட்டது என்று புரிந்தது.

அதன்பிறகு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். சத்தமாக ஜெபிக்கும்போது அவரவர் குறையை மட்டும் அறிக்கை செய்வது. மற்றவருக்காக நன்றி சொல்லலாம். அவர் கேட்டுக்கொண்டதற்காக வேண்டலாம். அதற்கு முதலில் கேட்க வேண்டுமே! "உனக்காக எதை ஜெபிக்கட்டும்?" என்று நான் முதன்முறை கேட்டபோது, வெகுநேரம் கழித்து, "என் தூக்கத்துக்காக ஜெபிங்க" என்றாள். மூன்று வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு அது தெரியாது. இரண்டு நிமிட ஜெபம் போதும், ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கோபம். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பது எபேசியர் 4:26. அன்றைய சண்டையை அன்றைக்கே பேசித் தீர்க்க வேண்டும் என்று இதைத் தவறாக எடுத்துக்கொண்டு, நள்ளிரவு தாண்டியும் வாதாடியிருக்கிறோம். களைப்பில் வந்த வார்த்தைகள்தான் அதிகம் காயப்படுத்தின. தணிய வேண்டியது எரிச்சல். பிரச்சினை காலை வரை காத்திருக்கும். இப்போது பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறோம். "இது இன்னும் தீரல, ஆனா நான் உன்கூடத்தான் இருக்கேன். நாளைக்கு ஏழு மணிக்குப் பேசலாம்." நேரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பேச்சு வராமலே போய்விடும்.

பிரிந்துபோவதைப் பற்றிச் சண்டையில் மிரட்டலாகப் பேசுவதில்லை என்றும் முடிவு செய்தோம். மல்கியா 2:14 மனைவியை "உன் தோழியும் உன் உடன்படிக்கையின் மனைவியும்" என்கிறது. தோழி என்ற சொல் முதலில் வருவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

பணத்தை மறைக்காதீர்கள். ஒரு சமயம் வேலை போய், அவளுக்குத் தெரியாமல் கடன் வாங்கி, நான்கு மாதம் மறைத்தேன். சொன்ன அன்று கத்துவாள் என்று நினைத்தேன். "நாலு மாசம் தனியாவா சுமந்தீங்க?" என்று அழுதாள். ஒருவன் விழுந்தால் அவன் உடனாளி (கூட இருக்கும் துணை) தூக்கிவிடுவான் என்று பிரசங்கி 4:10 சொல்கிறது. விழுந்ததையே சொல்லாவிட்டால் உடனாளி என்ன செய்வாள்? அன்றிலிருந்து வாரம் ஒருநாள் அரை மணி நேரம், செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, வரவு செலவை இருவரும் பார்க்கிறோம். கடைசியில் ஒரு கேள்வி: "இந்த வாரம் உன்னை எங்கேயாவது காயப்படுத்தினேனா?" பதில் வரும்போது விளக்கம் சொல்ல வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பொதுவாக "மன்னிச்சுடு" என்று முடிக்காமல், செய்த காரியத்தைச் சொல்லியே மன்னிப்புக் கேளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டுக்கு இந்த யோசனைகள் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், நம்பிக்கையானவர்களிடம் சொல்ல வேண்டும். "பொறுத்துக்கொண்டு ஜெபி" என்று திருப்பி அனுப்புகிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

துணைக்கு ஜெபத்தில் நாட்டமே இல்லையா? வற்புறுத்த வேண்டாம். விசுவாசிக்காத கணவரைப் "போதனையின்றி", நடக்கையாலேயே ஆதாயப்படுத்தலாம் என்று 1 பேதுரு 3:1 மனைவிகளுக்குச் சொல்கிறது. அந்த வார்த்தையைக் கணவர்களும் எடுத்துக்கொள்ளலாம். அவர் காதில் விழாமல் தனியாக ஜெபியுங்கள். அவர் பல நாளாகக் கேட்டு, நீங்கள் தள்ளிப்போட்டுவரும் ஒரு சின்ன வேலை இருக்கும். எழுந்ததும் அதைச் செய்யுங்கள்.