சீப்ரா மீன் முட்டை எடுக்கும் விதம்

திருகோணமலை உப்புவெளியில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். முட்டைக்குள் கரு வளரும் விதத்தைச் சொல்லும் முளையவியலைப் படமாகவே காட்டி அலுத்துப்போய்த்தான் பத்து சீப்ரா மீன் வாங்கினேன். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர் ஆய்வுக்கு எடுத்த அதே மீன். 2013இல் இதன் மரபணுத்தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இதில் இணை இருப்பது தெரிந்தது. எனக்கு வசதி, முளையம், அதாவது வளரும் கரு, கண்ணாடி மாதிரி இருப்பதுதான்.

பைப் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரின் போகட்டும். வெப்பம் 28.5 பாகை செல்சியஸ் வேண்டும் என்பார்கள். திருகோணமலையில் ஹீட்டர் எதற்கு? சித்திரை வெயிலுக்கு ஐஸ் போத்தலைத்தான் மிதக்க விட வேண்டும்.

இனி முக்கியமான வேலை. சின்னத் தொட்டியின் அடியில் போளைகளை, அதுதான் பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிக் குண்டுகளை, முட்டை இடுக்கில் விழும்படி பரப்புங்கள். இல்லாவிட்டால் போட்ட முட்டையைத் தாங்களே தின்றுவிடும். முதல் தடவை எனக்கு மிஞ்சியது வெறும் தண்ணீர். பின்னேரம் வயிறு உருண்ட பெண்ணை ஒரு பக்கமும், மெலிந்த மஞ்சள் சாயல் ஆணை மறுபக்கமும் விட்டு, நடுவில் பிளாஸ்டிக் தட்டி வையுங்கள். வெளிச்சம் 14 மணித்தியாலம், இருட்டு 10. அந்த இருட்டைக் கெடுக்கக்கூடாது. ஒருநாள் இரவு மூன்று மணிக்கு அம்மா தண்ணீர் குடிக்க விளக்கைப் போட்டார். காலையில் ஒரு முட்டையும் இல்லை. அப்புறம் தொட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்தினேன்.

விடிய விளக்கைப் போட்டதும் தட்டியை எடுங்கள். துரத்தல் தொடங்கும், ஒரு மணித்தியாலத்துக்குள் முட்டை விழும். மீனை மாற்றிவிட்டு, போளைகளுக்கு இடையில் கிடப்பதை மெல்லிய குழாயால் உறிஞ்சி பெற்றிக்கிண்ணத்தில் (ஆய்வுகூடத்துத் தட்டையான கிண்ணம்) விடுங்கள். மெதிலீன் நீலம் என்ற சாயம் வானநிறம் தட்டும் அளவுக்குப் போதும், பூஞ்சணம் பிடிக்காது. வெள்ளையாகிப்போனவை செத்தவை, எடுத்து எறியுங்கள்.

நுணுக்குக்காட்டியைத் தயாராக வையுங்கள். முக்கால் மணித்தியாலத்தில் ஒரு கலம் இரண்டாகும், பிறகு கால் மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். தேநீர் ஊற்றப் போனால் ஒரு கட்டம் தவறிவிடும். மறுநாள் இதயம் துடிப்பது தெரியும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். இன்னொரு கிண்ணத்தை 25 பாகையில் வைத்தால் அது பின்தங்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டு மூன்று நாளில் பொரிக்கும், ஐந்தாம் நாளில் தீனி வேண்டும். மிஞ்சிய குஞ்சுகளைக் கிணற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் ஜாம் போத்தல்களோடு வரிசையில் நிற்கிறார்கள்.